சொட்டுச் சத்தத்தைக் கேட்பவர் யார்?

(பங்காளர் கூடுகையில், மருத்துவமனையின் கட்டடப் பராமரிப்புப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



இந்தக் கூடுகையில் வழக்கமாக டாக்டர்களும் சிஸ்டர்களும் பேசுவார்கள். சுகம் பெற்றவர்களைப் பற்றிக் கேட்டு நீங்களும் மகிழ்ச்சியோடு திரும்புவீர்கள். இந்த வருஷம் குழாயையும் வால்வையும் பார்த்துக்கொள்கிற என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே தண்ணீர் ஒழுக்கைப் பற்றியும், அதைக் கண்டுபிடித்துக் குரல் கொடுக்கிற சின்னச் சென்சார் கருவிகளைப் பற்றியும், அவற்றை நம்பி நாம் நிம்மதியாகத் தூங்கலாமா என்பதைப் பற்றியும் சொல்லப்போகிறேன். இது ஆஸ்பத்திரிக்கு மட்டும் உரிய சமாச்சாரம் அல்ல. உங்கள் ஆலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் குழாய் இருக்கிறது. குழாய் இருக்கிற இடத்தில் ஒழுக்கும் ஒரு நாள் வரும்.

ஒரு சொட்டின் கணக்கு

சிஸ்டர்களுக்குத் தெரிந்த கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட்டில் சாதாரணமாக 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி லிட்டர். ஒரு குழாய் வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. அப்படியானால் ஒரு நாளில் 4 லிட்டருக்குச் சற்று மேல் போகும். ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,577 லிட்டர். குழாய்ச் சொட்டு டிரிப் சொட்டைவிடப் பெரியதாக இருப்பதுண்டு. அங்கே நஷ்டம் இன்னும் கூடும்.

இது சொட்டு. இனி நூல் போல ஓடுகிற ஒழுக்கைப் பார்ப்போம். கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்க் சரியாக மூடாவிட்டால் நிமிஷத்துக்கு அரை லிட்டர் சத்தமில்லாமல் போய்விடும். ஒரு நாளுக்கு 720 லிட்டர். இந்த அரை லிட்டருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு விசேஷம் உண்டு. டயாலிசிஸ் இயந்திரம் நோயாளியின் இரத்தத்தைச் சுத்தம் செய்யச் சாதாரணமாக நிமிஷத்துக்கு 500 மில்லி லிட்டர் கரைசலை ஓடவிடுகிறது. நான்கு மணி நேரச் சிகிச்சைக்கு அது 120 லிட்டர். ஆகவே ஒரே ஒரு ஃப்ளஷ் டேங்க் ஒரு நாளில் விழுங்குகிற தண்ணீர், ஆறு பேருடைய டயாலிசிஸ் கரைசலின் அளவு. ஆர்.ஓ. இயந்திரத்தில் ஒரு பங்கு கழிவாகப் போய்விடும் என்பதால் ஆறு பேர் என்பது உண்மையில் குறையும். ஆனாலும் ஒருவர் இருவர் சிகிச்சைக்கு உரிய தண்ணீராவது அதில் இருக்கிறது என்று நான் எண்ணாத நாள் இல்லை.

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுகிற ஒரு கணக்கு உண்டு. அங்கே ஒரு சராசரி வீட்டின் ஒழுக்குகளால் வருஷத்துக்கு ஏறத்தாழ 10,000 காலன், அதாவது சுமார் 38,000 லிட்டர், வீணாகலாமாம். நமக்கோ அவ்வளவு தண்ணீர் கிடைப்பதே அருமை. 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிப்போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் சென்னைக்கு வந்தது. ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நாட்டில், டேங்கின் அடியில் ஒழுகுவதைப் பார்த்துச் சும்மா இருப்பது சரியல்ல.

நனைந்தபின் வரும் நஷ்டம்

தண்ணீர் வீணாவது ஒரு பக்கம். அது போய்ச் சேருகிற இடம் இன்னொரு பக்கம். நனைந்த சுவரும் ஃபால்ஸ் சீலிங்கும் அட்டைப்பெட்டியும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நல்ல ஆரோக்கியமுள்ளவருக்கு அது தும்மலும் மூக்கடைப்புமாக முடியும். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தி குறைந்து படுத்திருப்பவருக்கோ, காற்றில் பறக்கிற ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைத் தூள் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மின்சாரப் பலகை இருக்கிற அறையில் தண்ணீர் இறங்கினால் நான் விளக்க வேண்டியதில்லை.

சில வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லுகிறேன். வெளிநோயாளர் கட்டடத்தை ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூட்டினார்கள். முதல் மாடியில் ஒரு வாஷ் பேசினின் அடியில் உள்ள இணைப்புக் குழாய் அன்று இரவோ மறுநாளோ வெடித்துவிட்டது. கேட்க ஆள் இல்லை. மேல் தொட்டி காலியாகக் காலியாக ஆட்டோமேட்டிக் மோட்டார் அதை நிரப்பிக்கொண்டே இருந்தது. தொட்டி வற்றியிருந்தால் ஒழுக்கும் நின்றிருக்கும், யாராவது வந்து பார்த்தும் இருப்பார்கள். நம்முடைய வசதிக்காக வைத்த மோட்டாரே ஒழுக்குக்குத் தண்ணீர் ஊட்டியது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது கீழே மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டிகள் ஊறிக் கிடந்தன. பக்கத்து எக்ஸ்ரே அறையின் சீலிங் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையைக் காயவைத்து, மின் இணைப்புகளைச் சோதித்துத் திறக்கும்வரை, இடுப்பு எலும்பு முறிந்து வந்த ஒரு பாட்டியம்மாளைக்கூடப் படம் எடுக்க வேனில் டவுனுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. அந்த வேன் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அந்த அம்மாள் பட்ட வேதனைக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

கருவி செய்வது என்ன

அதற்குப் பிறகுதான் சென்சார்கள் வந்தன. பெயர் பெரியது, விஷயம் சிறியது. உள்ளங்கை அளவுள்ள பெட்டியின் அடியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். உலர்ந்திருக்கும்போது இரண்டுக்கும் நடுவில் தொடர்பு இல்லை. தண்ணீர் வந்து இரண்டையும் தொட்டால், அதில் கரைந்திருக்கிற உப்பின் வழியாக மிகச் சிறிய மின்சாரம் பாயும். உடனே மணி அடிக்கும். சில கருவிகள் செல்போனுக்கும் செய்தி அனுப்பும்.

இரண்டாவது வகை கயிறு போன்றது. நீளமான கேபிளுக்குள் உணர்வுக் கம்பிகள் ஓடும். எந்த இடத்தில் நனைந்தாலும் தெரியும். நல்ல கருவியானால் எத்தனையாவது மீட்டரில் நனைந்தது என்பதையும் காட்டும். நோயாளிகளின் பதிவுகளையும் எக்ஸ்ரே படங்களையும் சேமித்து வைக்கிற கம்ப்யூட்டர் அறைக்கு இது ஏற்றது.

மூன்றாவது வகை தரையைப் பார்ப்பதில்லை. குழாயின் ஓட்டத்தைப் பார்க்கும். யாரும் தண்ணீர் புழங்காத நேரத்தில் ஓட்டம் இருந்தால் சந்தேகப்படும். சிலவற்றில் தானாக மூடுகிற வால்வும் சேர்ந்திருக்கும். வீட்டுக்கு அது நல்லது. ஆஸ்பத்திரியில் யோசித்துத்தான் வைக்கவேண்டும். அறுவை அரங்குக்கோ டயாலிசிஸுக்கோ போகிற குழாயை ஒரு கருவி தன் இஷ்டப்படி மூடினால் ஒழுக்கைவிடக் கேடு அதிகம். தீயணைப்புக் குழாயில் அப்படிப்பட்ட வால்வு கூடவே கூடாது.

எங்கே வைப்பது

வைக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடிப் போய் நிற்கிறது என்று பாருங்கள். சென்சாரின் இடம் அதுதான். சுவரோரம் அழகாக இருக்கிறது என்று மேட்டில் வைத்தால், அறை முழுவதும் நனைந்த பிறகே அது பேசும்.

வாஷ் பேசின் அடி, வெந்நீர் ஹீட்டர் அடி, ஆர்.ஓ. அறை, மேல் தொட்டிக் குழாய்கள் இறங்குகிற ஷாஃப்ட், லிஃப்ட்டின் கீழ்க்குழி ஆகியவை முக்கியம். ஏ.சி.யையும் மறக்கக்கூடாது. அதிலிருந்து வடிகிற நீர் போகிற சின்னக் குழாயில் பாசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் அறைக்குள்ளேயே இறங்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆர்.ஓ. இயந்திரத்தின் வேலையே தண்ணீரிலிருந்து உப்பை எடுப்பது. உப்பு இல்லாத தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஆகவே குழாய்த் தண்ணீருக்கு உடனே கூவுகிற சென்சார், ஆர்.ஓ. தண்ணீருக்குச் சும்மா இருக்கக்கூடும். ஏ.சி. நீரும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதனால் எந்தத் தண்ணீருக்காகக் கருவியை வைக்கிறோமோ அந்தத் தண்ணீரை ஊற்றியே சோதிக்கவேண்டும். எங்கள் டயாலிசிஸ் அறையில் அப்படியே செய்கிறோம்.

செல்போனுக்குச் செய்தி அனுப்புகிற கருவி என்றால், கரண்ட் போனாலும் அது வேலை செய்யுமா என்று பார்க்கவேண்டும். சென்சாருக்குப் பேட்டரி இருக்கும். செய்தியை வாங்கி அனுப்புகிற வைஃபை பெட்டிக்கு இருக்காது. தடித்த கான்கிரீட் சுவருக்கும் இரும்பு அலமாரிக்கும் பின்னால் வைத்தால் சிக்னல் எட்டாமலும் போகும்.

மாட்டிவிட்டால் முடிந்ததா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறேன். பத்துக் கன்னிகைகளின் உவமையை நீங்கள் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். பத்துப் பேரிடமும் தீவட்டி இருந்தது. எண்ணெய் ஐந்து பேரிடம்தான் இருந்தது. சென்சாரும் அப்படியே. சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்து நாம் திருப்தியடைகிறோம். உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

மாதச் சோதனை ஒன்றில் மருந்துக் கிடங்கின் சென்சாரை நனைத்துப் பார்த்தோம். சத்தம் இல்லை. திறந்தால் பேட்டரியே இல்லை. வார்டில் நின்றுபோன சுவர்க் கடிகாரத்துக்கு யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். எடுத்தவர் கெட்ட எண்ணத்தோடு எடுக்கவில்லை. நோயாளிக்கு மருந்து கொடுக்க மணி பார்க்கவேண்டும். கைக்கு எட்டிய இடத்தில் பேட்டரி இருந்தது. கருவி எதற்காக இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: இது என்ன, மணி அடித்தால் யாரைக் கூப்பிடவேண்டும், எந்த வால்வை மூடவேண்டும். கடிகாரத்துக்கென்று தனியாகப் பேட்டரியும் வாங்கி வைத்திருக்கிறோம்.

எங்கள் பராமரிப்பு முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். வாரம் ஒரு முறை, கருவி வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். தரை துடைக்கிறவர் நகர்த்தி வைத்திருப்பார். மாதம் ஒரு முறை ஈரத்துணியை முனைகளின்மேல் வைத்து மணி அடிக்கிறதா, செய்தி போகிறதா, ஆள் வருகிறாரா என்று மூன்றையும் பார்ப்போம். மூன்றாவதுதான் பெரும்பாலும் தவறுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மென்மையான பிரஷ்ஷும் சுத்தமான தண்ணீரும் கொண்டு முனைகளைத் துடைத்து உலர்த்துவோம். சோப்பும் பினாயிலும் படிந்தால், தண்ணீர் இல்லாமலே மணி அடிக்கும். இரண்டு முறை பொய்யாக அடித்த மணியை மூன்றாம் முறை யாரும் மதிக்கமாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு முறை எல்லாப் பேட்டரிகளையும் ஒரே நாளில் மாற்றுவோம். பழையதில் இன்னும் கொஞ்சம் சக்தி இருக்கிறதே என்று பார்ப்பதில்லை.

இதோடு இன்னொன்று. எல்லா வால்வுகளையும் வருஷத்தில் இரண்டு முறையாவது முழுவதும் மூடித் திறப்போம். நம்முடைய பக்கத்து உப்புத் தண்ணீரில், பல வருஷம் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். நடு இரவில் திருப்பினால் கைப்பிடி கையோடு வரும், தண்ணீர் நிற்காது. சென்சார் சொன்னாலும், மூட முடியாத வால்வை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எல்லாம் சரியாக இருந்தால் பலன் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு ஆய்வுக்கூடத்தின் சென்சார் அடித்தது. காவலுக்கு இருந்த வாட்ச்மேன் அண்ணன் கற்றுக்கொடுத்த ஒழுங்கின்படியே செய்தார். தண்ணீரில் கால் வைக்குமுன் வராந்தாவில் இருந்த மெயின் ஸ்விட்சை அணைத்தார். பிறகு வால்வை மூடினார். பிறகு எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மாப்பினால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் ஆய்வுக்கூடம் வழக்கம்போலத் திறந்தது. இரத்தம் பரிசோதிக்க வந்தவர்களில் ஒருவருக்கும் இரவில் நடந்தது தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதுதான் எங்கள் வேலையின் வெற்றி.

கருவிக்குத் தெரியாதவை

சென்சார் தன்னிடம் வருகிற தண்ணீரைத்தான் அறியும். சுவருக்குள் ஊறுகிறதையும், மொட்டைமாடி வெடிப்பில் மெதுவாக இறங்குகிறதையும் அது அறியாது. அதற்குக் கண்தான் கருவி. பெயிண்ட் கொப்பளித்தால், சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால், சீலிங்கில் காப்பிக் கறைபோல வட்டம் விழுந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவேண்டாம்.

கருவி வாங்க வசதி இல்லாதவர்கள் இன்றிரவே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. படுக்கப் போகுமுன் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, மேல் தொட்டியில் தண்ணீர் நிற்கிற மட்டத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். வாட்டர் மீட்டர் இருந்தால் அதன் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். காலையில் யாரும் எழுந்து புழங்குமுன் மறுபடி பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தாலோ மீட்டர் ஓடியிருந்தாலோ எங்கேயோ ஒழுகுகிறது. ஃப்ளஷ் டேங்கைச் சோதிக்க, சமையலுக்குப் போடுகிற கலர்ப் பவுடரில் ஒரு சிட்டிகை அதற்குள் போட்டுவிட்டு, தண்ணீர் இழுக்காமல் பத்து நிமிஷம் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து அடுத்த ஞாயிறு வரை பூட்டிக் கிடக்கிற ஆலயங்களில், கடைசியாகப் போகிறவர் மெயின் வால்வை மூடிவிட்டுப் போவதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

கொடுக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பங்காளர்களாகிய உங்களிடம் மனம் திறந்து ஒன்று சொல்ல அனுமதி வேண்டும். கட்டடம் கட்டக் கொடுக்கிறவர்கள் அநேகர். இயந்திரம் வாங்கக் கொடுக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காக நாங்கள் நன்றியோடு இருக்கிறோம். ஆனால் கட்டியதைக் காப்பதற்குக் கொடுக்கிறவர்கள் குறைவு. அதில் ஆச்சரியமும் இல்லை. புதிய கட்டடத்தின் வாசலில் கல்வெட்டு வைக்கலாம். பேட்டரியில் யார் பெயரைப் பொறிப்பது? வாஷரில் எங்கே பொறிப்பது?

சென்சார்களை ஒரு நல்ல மனிதர் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு எங்கள் நன்றி என்றும் உண்டு. ஆனால் முதல் வருஷத்துப் பேட்டரிகள் தீர்ந்தபோது, அடுத்த பேட்டரிக்கு எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்று அலுவலகத்தில் ஒரு மாதம் பேசினோம். அந்த ஒரு மாதம் பாதிக் கருவிகள் ஊமையாக இருந்தன. நல்லவேளையாக அந்த மாதத்தில் குழாய் ஒன்றும் வெடிக்கவில்லை. அப்படித் தப்பியதை ஒரு திட்டம் என்று சொல்ல முடியாது.

ஆகவே எந்த நிறுவனத்துக்கானாலும் சரி, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஆலயத்துக்கோ ஒரு கருவியோ கட்டடமோ கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதை மாதந்தோறும் சோதிப்பவர் யார்? நடு இரவில் இது கூப்பிட்டால் எழுந்து வருபவர் யார்? அடுத்த வருஷம் இதன் பேட்டரிக்கும் உதிரிப் பாகத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? பதில் இல்லாவிட்டால் கொடையை நிறுத்தவேண்டாம். கொடுப்பதில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று குறித்துக் கொடுங்கள். நூறு ரூபாயில் தொண்ணூறு கருவிக்கும் பத்து அதைக் காப்பதற்கும் என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தொண்ணூறும் பல வருஷம் உயிரோடு இருக்கும்.

சென்சார் தண்ணீரை நிறுத்தாது. அது ஒரு குரல் மட்டுமே. அந்தக் குரலுக்கு எழுந்து வருகிற ஒரு மனிதர் வேண்டும். அவர் கையில் டார்ச் வேண்டும். அவர் திருப்பினால் திரும்புகிற வால்வு வேண்டும். இவை மூன்றும் இருக்கிற கட்டடத்தில் நோயாளிகள் நிம்மதியாகத் தூங்கலாம்.

 வீட்டுக்குப் போனதும் மேல் தொட்டியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் படுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.